முணுமுணுப்பும் கணீர்க் குரலும்

ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

அமெரிக்கப் பாடகி பில்லி ஐலிஷ் மென்குரலில் பாடும் தம் பழைய பாணியைக் கைவிட்டுவிட்டார் என்று வருந்தும் கட்டுரையைத் தங்கள் ஞாயிறு இணைப்பில் படித்தேன். சோமனூரில் விசைத்தறிகளுக்கு நடுவே குடியிருப்பவன் நான். வீட்டுக்குள்ளேயே ஒருவரையொருவர் சத்தம் போட்டுத்தான் கூப்பிட வேண்டியிருக்கும் இடத்தில், என் பேத்தி மாட்டிவிட்ட ஹெட்போனில் அந்தப் பெண் காதோடு காதாக இரகசியம் சொல்வதுபோல் பாடியதைக் கேட்டு வியந்திருக்கிறேன்.

அந்த மென்குரலே அவருடைய இயல்பு என்கிறார் கட்டுரையாளர். இடமும் கருவியும் சேர்ந்து அமைத்துக் கொடுத்த குரல் அது என்பது என் எண்ணம். 2019-இல் வெளிவந்த முதல் ஆல்பத்தை அவரும் அண்ணன் ஃபினியஸும் லாஸ் ஏஞ்சலஸில் பெற்றோர் வீட்டுப் படுக்கையறையில்தான் பெரும்பாலும் பதிவு செய்தார்கள். மைக் உதட்டருகே இருக்கும்போது தொண்டையைத் திறக்க வேண்டியதில்லை; விடும் மூச்சும் பாட்டில் சேர்ந்துகொள்ளும். நம் கொடுமுடியில் பிறந்த கே. பி. சுந்தராம்பாள் அம்மையாரோ, ஒலிபெருக்கி பரவாத காலத்தில் நாடகக் கொட்டகையின் கடைசி வரிசைவரை குரலைக் கொண்டு சேர்க்க வேண்டியிருந்தவர்; ஏ. எம். ராஜா, பி. பி. ஸ்ரீனிவாஸ் போன்றோரின் தணிந்த குரல்களுக்கு மைக் வந்த பிறகுதான் இடம் கிடைத்தது.

எட்டு வயதிலேயே சிறுவர் பாடகர் குழுவில் சேர்ந்து பயின்ற ஐலிஷுக்கு உரக்கப் பாடத் தெரியாமல் இருந்திருக்காது. 2021-இல் வந்த இரண்டாவது ஆல்பத்தின் தலைப்புப் பாடல் பழைய மெல்லிசைபோல் தொடங்கி, பாதியில் மின் கிதார் புகுந்து, கடைசியில் கூச்சலாகவே வெடிக்கிறது. 2024-இல் வந்த மூன்றாவது ஆல்பத்தில் அவர் குரலை முழுதாகத் திறந்து பாடுகிறார், ஆனாலும் முணுமுணுப்பு அதிலும் இருக்கத்தான் செய்கிறது. அந்த ஆல்பத்தில் ஓரிடத்தில் நிதானமாகப் போய்க்கொண்டிருந்த பாட்டு திடீரென்று நடன இசைக்குத் தாவுவது மட்டும் என் காதுக்கு ஒட்டவில்லை; பேத்திக்கோ அந்த இடம்தான் மிகவும் பிடித்திருக்கிறது.

கட்டுரையில் ஃபினியஸைப் பற்றி ஒரு வரிகூட இல்லாதது பெருங்குறை. 2015-இல், பதின்மூன்று வயதில், ஐலிஷை உலகறியச் செய்த பாடலே அவர் தம் இசைக்குழுவுக்காக எழுதி வைத்திருந்ததுதான். தங்கையின் குரல் மாறிய ஒவ்வொரு கட்டத்திலும் அதற்கேற்ற இசையை அமைத்தவர் அவர் என்பதால், அவருடைய பங்கைப் பற்றித் தனிக் கட்டுரை ஒன்று வெளியிட வேண்டுகிறேன்.

இப்படிக்கு,
வாசகர் ஒருவர்,
சோமனூர், கோவை மாவட்டம்.