பசில்களைத் திரும்ப மேசைக்குக் கொண்டுவாருங்கள்

குழந்தைகள் சிகிச்சை மைய நிர்வாகத்தினருக்கு,

வணக்கம்.

துண்டுகளைப் பொருத்தி விளையாடும் மரப் பசில்களை அலமாரியில் பூட்டிவிட்டு, அன்றாட வேலைகளைத் தானே செய்யப் பழக்கும் ஆக்குபேஷனல் தெரபி வகுப்புகளை டேப்லெட்டுக்கு மாற்றியதற்கு நீங்கள் சொன்ன காரணத்தைச் சுற்றறிக்கையில் படித்தேன். விளையாட்டுப் பொருள்களை வைத்து முன்னேற்றத்தை அளக்க முடியவில்லையாம். திரையில் மதிப்பெண் தானாக வந்துவிடுகிறது, உண்மைதான்.

என் மகனும் திரையில் படத்தை மளமளவென்று முடிக்கிறான். துண்டை ஒரு விரலால் இழுத்துப் பக்கத்தில் கொண்டுபோனால் போதும், அதுவே போய் ஒட்டிக்கொள்கிறது. ஆனால் பள்ளிக் கழிப்பறையில் காற்சட்டைப் பொத்தானைக் கழற்ற முடியாமல் நனைத்துக்கொண்டு வீடு வருகிறான். எட்டு வயது. கூடப் படிக்கிற பிள்ளைகள் சும்மா இருப்பார்களா?

மரப் பசிலில் இடது கை பலகையை நகராமல் பிடித்திருக்கும். வலது கை, துண்டைக் கட்டைவிரலாலும் ஆள்காட்டி விரலாலும் எடுத்து, விரல்களுக்குள்ளேயே திருப்பித் திருப்பிப் பொருத்திப் பார்க்கும். பொத்தானுக்கும் இதே வேலைதான். ஒரு கை துணியைப் பிடிக்க, மறு கை பொத்தானைச் சாய்த்துத் துளைக்குள் தள்ள வேண்டும். எங்கள் தெரபிஸ்ட் இதைத் தெரிந்துதான் கொடுத்தார். முதலில் குமிழ் வைத்த பெரிய துண்டுகள், பிறகு குமிழ் இல்லாதவை. துண்டுகள் ஒன்றோடொன்று கோத்து ஒரே படமாகும் ஜிக்சாவுக்கு வந்தபோது எல்லாவற்றையும் அவரே அடுக்கிவிட்டுக் கடைசித் துண்டை மட்டும் இவனிடம் விடுவார். பிறகு இரண்டு, மூன்று. முன்பெல்லாம் எடுத்ததும் பெட்டியைக் கவிழ்க்கிறவன், இப்போது 'நான்தான் முடிச்சேன்' என்று எழுந்துபோவான். வேண்டுமென்றே துண்டுகளை இடது பக்கம் வைப்பார், வலது கை உடம்பின் நடுக்கோட்டைத் தாண்டிப் போகட்டும் என்று. எந்தச் செயலி இதைச் செய்யும்?

ஆகவே கேட்கிறேன், பசில்களைத் திரும்ப மேசைக்குக் கொண்டுவாருங்கள்.

அளக்க முடியாது என்கிறீர்களே, எத்தனை துண்டு, எவ்வளவு நேரம், எங்கே உதவி தேவைப்பட்டது, விரல்பிடி எப்படி என்றெல்லாம் தெரபிஸ்ட் நோட்டில் எழுதித்தான் வைத்திருக்கிறார். யாராவது திறந்து பார்த்தீர்களா? உங்கள் வண்ண வரைபடம் அளவுக்கு அழகாக இருக்காதுதான். இனி பொத்தான் போட முடியாத நாளில் அந்த வரைபடத்தையே சட்டையில் குத்தி அனுப்பிவிடுகிறேன்.

பெற்றோரைக் கேட்காமல் முடிவெடுப்பதும் புதிதல்ல. வகுப்பு நேரத்தைக் குறைத்தபோதும் சுற்றறிக்கைதான் வந்தது. கருத்துப் பெட்டியில் போடும் கடிதங்கள் எங்கே போகின்றன என்று வரவேற்பில் இருப்பவர்களுக்கே தெரியவில்லை. அதனால்தான் இந்தத் திறந்த மடல்.

மன்னிக்கவும், கேட்க வந்ததை விட்டு எங்கோ போகிறேன். டேப்லெட்டே வேண்டாம் என்பதல்ல என் வாதம். கையை அதிகம் அசைக்க முடியாத பிள்ளைக்கு அது பெரிய உதவியாக இருக்கலாம். யாருக்கு எது என்பதைத் தெரபிஸ்ட் தீர்மானிக்கட்டும். தயவுசெய்து பசில்களை மறுபடி அவர் கையில் கொடுங்கள். அடுத்த பெற்றோர் கூட்டத்துக்கு முன் எழுத்தில் பதில் தந்தால் நன்றியுடையவளாக இருப்பேன்.

இப்படிக்கு,
உங்கள் மையத்துக்கு வரும் ஒரு பிள்ளையின் தாய்