தவம் செய்கிற பூனை

மாமல்லபுரம்,
தை 12

அன்புத் தோழி,

உன் கடிதம் வந்து இருபது நாள் ஆகிறது. திட்டாதே. கார்த்திகையில் தொடங்கினால் மாசி வரை எங்களுக்கு சீசன், மாடியில் இரண்டு அறையும் காலியாவதே இல்லை. வெளிநாட்டுக்காரர் வந்து இறங்கியதும் காபி கொடுக்கிறேனோ இல்லையோ, பாஸ்போர்ட்டை வாங்கி, அவர் தங்குகிற விவரத்தை அரசாங்கத்துக்கு ஆன்லைனில் ஏற்றிவிட வேண்டும். 24 மணி நேரம்தான் கெடு. யோகா டீச்சர் என்று பேர், பாதி நாள் குமாஸ்தா வேலை.

கடற்கரையில் வகுப்பு எடுக்கிறாயா என்று கேட்டிருந்தாய். ஒரு வாரம் எடுத்துப் பார்த்தேன். அது படகு ஏற்றுகிற, வலை உலர்த்துகிற இடம். மீன் கூடையோடு போன அக்கா ஒருத்தி நின்று பார்த்துவிட்டு, "கைய கால இப்படி ஆட்டவா காசு குடுக்குறாங்க? எங்க வலைய வந்து இழுக்கச் சொல்லு, ஓசியிலயே எல்லாம் சரியாப்போயிடும்" என்றாள். மறுநாளே மொட்டை மாடிக்கு வந்துவிட்டேன். அங்கும் எட்டு மணிக்குள் சவாசனம் முடிந்தாக வேண்டும். அப்புறம் பக்கத்துச் சிற்பக்கூடத்தில் கல் அறுக்கிற மெஷினைப் போட்டுவிடுவார்கள். உளிச் சத்தம் மட்டும் இருந்த காலத்தில் அதையே மூச்சுக்குக் கணக்காக வைத்துக்கொள்வேன்.

சாப்பாட்டுக் கதை தனி. போன வாரம் ஒருவர் பால், நெய் எதுவும் தொடாதவர். நெய் இல்லாத வெண்பொங்கல் வைத்தேன். அவர் ரசித்துச் சாப்பிட்டார், எனக்குத்தான் மனசு ஆறவில்லை.

சரி, சொல்ல வந்ததைச் சொல்கிறேன். ஜெர்மனியிலிருந்து ஓர் அம்மாள் வந்திருந்தார், அறுபது வயதைத் தாண்டியவர். அர்ச்சுனன் தபசுப் பாறைக்குக் கூட்டிப்போனேன். விலா எலும்பு துருத்த, ஒற்றைக் காலில், கையைத் தலைக்கு மேல் தூக்கி நிற்கிற தபசியைக் காட்டினேன். அவன் அர்ச்சுனனா பகீரதனா என்ற சண்டை இன்னும் தீரவில்லை. எனக்கு அவன் விருட்சாசனக்காரன், அவ்வளவுதான். ஆனால் அந்த அம்மாள் கீழே யானைக்குப் பக்கத்தில் இருந்த பூனையையே பார்த்துக்கொண்டிருந்தார். அதுவும் கையைத் தூக்கித் தவம் செய்கிறது, காலடியில் எலிகள். பாரதத்தில் வருகிற கதையைச் சொன்னேன்: கங்கைக் கரையில் தவசி வேஷம் போட்ட பூனை, அதை நம்பிப் போன எலிகள், நாளுக்கு நாள் குறைந்த எலிக் கூட்டம். அவர் சிரித்துக்கொண்டே கேட்டார்: "அப்படியானால் இங்கே டீச்சர் யார்?"

விளையாட்டாகத்தான் கேட்டார். எனக்கு ராத்திரி தூக்கம் வரவில்லை.

உன்னிடம் மட்டும் சொல்கிறேன். புரட்டாசியிலிருந்து என்னால் பத்மாசனம் போட முடியவில்லை. இடது முழங்கால் மடங்க மறுக்கிறது. அரைகுறையாக உட்கார்ந்து, மேலே சால்வையைப் போர்த்திக்கொண்டு வகுப்பை ஓட்டினேன். குளிருக்காக என்று நினைத்திருப்பார்கள். நம்ம ஊரில் என்னடி குளிர்! 1,300 வருஷத்துக்கு மேலாக அந்தப் பூனை என்னைத்தான் பார்த்து நின்றதோ என்று இருந்தது.

மறுநாள் சால்வையை மடித்து வைத்துவிட்டு, பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்து பிராணாயாமம் எடுத்தேன். முழங்கால் விஷயத்தையும் சொல்லிவிட்டேன். பிரெஞ்சுப் பையன் ஒருவன் முகம் கொஞ்சம் வாடியது. மூன்று நாளுக்குப் பணம் கட்டியிருந்தவன், மறுநாள் புதுச்சேரிக்கு பஸ் ஏறிவிட்டான். ஜெர்மன் அம்மாள் தனக்கும் ஒரு நாற்காலி கேட்டார்.

மாசி மகத்துக்கு நீ வா. இருளர்கள் குடும்பம் குடும்பமாக வந்து மணலிலேயே கூடாரம் போட்டு, கன்னியம்மனைக் கும்பிடுவார்கள். விடியற்காலையில் கடற்கரையே வேறு ஊராக இருக்கும். அன்றைக்கு வகுப்பு கிடையாது. வரும்போது உங்கள் ஊர் வைத்தியரிடம் அந்தப் பச்சை மூட்டுத் தைலம் இரண்டு பாட்டில் வாங்கி வா.

உன்,
பழைய பெஞ்ச்காரி