தொழில் நெருக்கடிக்கும் அவையில் ஒரு தேதி வேண்டும்

ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

இந்தியப் பொருள்கள் மீது அமெரிக்கா விதித்த 50 சதவீத வரி 2025 ஆகஸ்ட் 27 அன்று நடைமுறைக்கு வந்தது. நாடாளுமன்றத்தின் மழைக்காலக் கூட்டத்தொடரோ, பெரும்பாலும் அமளியிலேயே கழிந்து, அதற்கு ஆறு நாள் முன்பே முடிந்திருந்தது. அடுத்த கூட்டத்தொடர் டிசம்பர் 1 அன்றுதான் தொடங்கியது. திருப்பூரின் பனியன் கம்பெனிகள் அமெரிக்க ஆர்டர்களை எண்ணிக் கலங்கிய அந்த மூன்று மாதங்களில், அதைப் பேச அவையே கூடவில்லை.

மக்களவை விதி 193-இன் கீழ் வாக்கெடுப்பில்லாத குறுகிய கால விவாதத்துக்கு வழியுண்டு. ஆனால் அலுவல் ஆய்வுக் குழு நேரம் ஒதுக்கும்போது அரசின் மசோதாக்களே முந்திக்கொள்கின்றன. 2023 மார்ச்சில் சுமார் 45 லட்சம் கோடி ரூபாய்க்கான மானியக் கோரிக்கைகள் (அமைச்சகங்களின் செலவுக்கு அவையின் ஒப்புதல் கேட்பவை) விவாதமின்றியே மக்களவையில் நிறைவேறின. (எங்கள் ஊர்ச் சந்தையில் ஒரு மாட்டுக்குக்கூட அதைவிட அதிக நேரம் விலை பேசுவார்கள்.)

வெள்ளிக்கிழமைகளில் கடைசி இரண்டரை மணி நேரம் அமைச்சரல்லாத உறுப்பினர்கள் கொண்டுவரும் மசோதாக்களுக்கும் தீர்மானங்களுக்கும் (தனிநபர் அலுவல்) ஒதுக்கப்படுவதைப் போல, வாரத்தில் ஒரு பிற்பகலை வேலைவாய்ப்பு, விலைவாசி, தொழில் நெருக்கடி ஆகியவற்றுக்கென ஒதுக்கி, தலைப்பையும் தேதியையும் கூட்டத்தொடரின் தொடக்கத்திலேயே வெளியிட வேண்டும். நாள் முன்கூட்டியே தெரிந்தால், சோமனூர் விசைத்தறியாளரும் ஈரோட்டு மஞ்சள் விவசாயியும் தங்கள் வரவு செலவுக் கணக்கை எடுத்துக்கொண்டு தொகுதி உறுப்பினரை நேரில் சந்திக்க முடியும்.

இப்படிக்கு,
வாசகர் ஒருவர்,
அவிநாசி