மண்சுவர் வீட்டை வாங்கும் முன்

அன்புள்ள செல்வம்,

பேரனுக்குப் பல் முளைத்த சேதி படித்துச் சந்தோஷம். மகள் அயர்லாந்தின் வெக்ஸ்ஃபோர்டில் பார்த்துவைத்திருக்கும் பண்ணை வீட்டின் படங்களும் கிடைத்தன. வீட்டு விஷயத்துக்கு வருகிறேன்.

"வெள்ளையடித்த கல்வீடு" என்று எழுதியிருந்தாய். கல் இருப்பது அடியில் மட்டும், மேலே மொத்தமும் மண். இடது மூலையில் சிமெண்ட் பூச்சு பெயர்ந்த இடத்தைப் பெரிதாக்கிப் பார். வைக்கோல் துணுக்குகள் துருத்திக்கொண்டிருக்கும். அயர்லாந்தின் தென்கிழக்கில் 19ஆம் நூற்றாண்டில் வசதியான விவசாயிகளும் மண்ணில் கட்டினார்கள், குடிசை என்று நினைத்துவிடாதே. அடிமண்ணைத் தோண்டி, வைக்கோல் சேர்த்து மிதித்து, அச்சுப்பலகை இல்லாமலே ஒரு படை ஏற்றுவார்கள். அது இறுகிய பிறகுதான் அடுத்த படை. பிதுங்கியதைச் செதுக்கிவிடுவார்கள். சுவர்க் கனம் ஏறக்குறைய இரண்டடி.

வாசற்கதவைத் திறந்ததும் எதிரே ஒரு சுவர் நிற்கிறதே, இடத்தை அடைக்கிறதென்று அதை இடிக்கச் சொல்வார்கள். விடாதே. வீட்டின் வகையே அதில்தான் இருக்கிறது. சுவருக்குப் பின்னால் கணப்பு. கதவுக் காற்று நெருப்பில் அடிக்காமல் மறைப்பது அதுதான். அதில் கையகல ஜன்னல் ஒன்று இருக்கலாம், குளிர்காய்ந்தபடியே வருவது யாரென்று பார்க்க. மேற்கே மேயோ, கால்வே பக்கம் இந்த மறைப்பு கிடையாது. அங்கே கதவு கணப்புக்கு எட்டத்தில், சமையலறையின் மறுகோடியில் இருக்கும். இரண்டு வகையிலும் வீடு ஓர் அறை அகலம்தான். பெரிதாக்கினால் நீளவாக்கில், இல்லாவிட்டால் மேலே.

கணப்புக்கு மேல் கூம்பாக ஏறும் புகைக்கூண்டைத் தட்டிப் பார்க்கச் சொல். கல் போல் ஒலிக்காவிட்டால் அது மெல்லிய குச்சிகளைப் பின்னி மண் மெழுகியது. அந்த மண்மெழுகு வெடித்த இடத்தில் பொறி நேராகக் கூரை வைக்கோலுக்குப் போகும். அதைச் சரிபார்க்காமல் நெருப்பு மூட்டக் கூடாது.

தகரக் கூரையைப் பார்த்து முகம் சுளிக்க வேண்டாம். பல வீடுகளில் பழைய வேய்ச்சலைப் பிரிக்காமல் அதன் மேலேயே தகரம் அடித்தார்கள்; அதனால்தான் அது பிழைத்துக் கிடக்கிறது. கைமரத்தின் மேல் புல்லோடு பெயர்த்த மண்தகடுகள், அதன் மேல் வைக்கோல், அதைப் பிடிக்க ஹேசல் அல்லது வில்லோ குச்சியைக் கொண்டை ஊசி போல் முறுக்கி அடித்த முளைகள். பரண் வழியாக டார்ச் அடித்தால் தெரிந்துவிடும். மறுபடி வேய்வதானால் அடியிலுள்ள படைகளைத் தொடாமல் மேல்படையை மட்டும் மாற்றலாம். தீக்காப்பீடு கிடைப்பதுதான் தலைவலி. விலை பேசும் முன்பே அதை விசாரிக்கட்டும்.

என் கவலையெல்லாம் அந்தச் சிமெண்ட் பூச்சுதான். மண்சுவர் நனையும், காயும். அதுதான் அதன் உயிர். சிமெண்ட் வெடிக்கும், வெடிப்பில் இறங்கிய மழைநீர் வெளியேற வழியில்லாமல் அடியில் தேங்கும். அடிமண் சேறானால் மேலே உள்ள பாரம் அப்படியே உட்காரும். உள்ளே நெகிழித்தாள் விரித்துக் கான்கிரீட் தரை போட்டிருந்தால் தரையின் ஈரமும் சுவருக்கே போகும். சுவரைத் தட்டச் சொல். டொக்கென்று பொள்ளல் சத்தம் கேட்கும் இடமெல்லாம் குறித்துக்கொள்ளட்டும்.

ஆத்திரப்பட்டு ஒரே நாளில் பூச்சு முழுவதையும் உரித்துவிடக் கூடாது. சில இடங்களில் சுவரைப் பிடித்துக்கொண்டிருப்பதே அந்தச் சிமெண்ட் ஓடுதான். கூரைக்கு முட்டுக் கொடுத்துவிட்டு, கோடைத் தொடக்கத்தில், பகுதி பகுதியாக உரிக்க வேண்டும். அரித்த இடத்தைக் கிடைமட்டமாகப் படி வெட்டி, அதே மண்ணில் அறுத்துக் காயவைத்த சுடாத செங்கல்லை மண்சாந்தில் வைத்துக் கட்டலாம். சிமெண்ட் கல் வைத்தால் அது ஒரு பக்கம், மண் ஒரு பக்கம் என்று பிரிந்து நிற்கும். பிறகு சுண்ணாம்புப் பூச்சு. கடைசியில் சுண்ணாம்பைப் பால் பதத்துக்குக் கரைத்து, சுவரை நனைத்து, மெல்லிசாக நாலைந்து கை அடிக்க வேண்டும். கெட்டியாக ஒரே கை அடித்தால் செதில் செதிலாக உதிரும். சுளீர் வெயிலிலும் உறைபனிக்காலத்திலும் சுண்ணாம்பு வேலையே ஆகாது.

இவ்வளவுக்கும் முன்னால், வெளியே சுவரோரம் மண் மேடிட்டிருந்தால் அதை வெட்டி, கல் அடித்தளம் வெளியே தெரியும்படி இறக்கச் சொல். பாதி ஈரம் அதிலேயே போகும், செலவும் ஒரு மண்வெட்டிதான்.

அந்தப் பகுதி உள்ளாட்சியான கவுண்டி கவுன்சிலின் பாதுகாக்கப்பட்ட கட்டடப் பட்டியலில் இந்த வீடு உண்டா என்று முதலில் கேட்கட்டும். இருந்தால் எந்த வேலைக்கு அனுமதி வேண்டாம் என்பதை அவர்களிடமே எழுத்தில் வாங்கிக்கொள்ளலாம். புகைக்கூண்டின் உட்புறம் ஒரு படம் எடுத்து அனுப்பச் சொல்.

அன்புடன்,
ராகவன்