ரோல் பிளேயிங் கேம் செய்பவர்களுக்கு வன்னியிலிருந்து ஒரு திறந்த மடல்

மதிப்புக்குரிய தயாரிப்பாளர்களுக்கு,

கடைசி அப்டேட்டில் என்ன செய்தீர்கள் என்பது உங்களுக்கே தெரியும். அறுபதாம் லெவலுக்கு வேண்டிய எக்ஸ்பியை, அதாவது எதிரிகளை அடித்துச் சேர்க்கும் அனுபவப் புள்ளிகளை, கூட்டினீர்கள். அதே நாளில், எக்ஸ்பியை இரட்டிப்பாக்கும் குப்பி ஒன்றையும் கடையில் வைத்தீர்கள். வருத்தத்தையும் மருந்தையும் ஒரே கையால் தரும் உங்கள் கெட்டித்தனத்தை மெச்சத்தான் வேண்டும்.

நான் கிளிநொச்சிப் பக்கம் வயல் செய்கிறவன். பகலில் போனைத் தொட நேரமில்லை. இரவில் காவல் கொட்டிலில் கிடைக்கும் ஒரு மணி நேரம்தான் என் விளையாட்டு. காலபோக நெல் முற்றுகிற நாட்களில் பன்றி வரும், யானை வரும். யானை வெடியும் டோர்ச்சும் கைக்கெட்டும் தூரத்தில் இருக்க வேண்டும். உங்கள் கதை எனக்குப் பிடித்திருக்கிறது. நாயகியின் தம்பி என்ன ஆனான் என்று அறிய ஆசை. ஆனால் அடுத்த அத்தியாயம் அறுபதாம் லெவலில்தான் திறக்குமாம். அதுவரை ஒரே குகை, அதே ஓநாய்க் கூட்டம், திரும்பத் திரும்ப.

குகைக்குள் போனால் இடையில் நிறுத்தவும் வழியில்லை. அண்மையில் ஓர் இரவு, ஓநாய்த் தலைவனுக்குக் கொஞ்ச உயிர்தான் மிச்சம். வாய்க்கால் பக்கம் மரம் முறிகிற சத்தம் கேட்டது. போனைப் பாயில் போட்டுவிட்டு ஓடினேன். அடுத்த வயல்காரரும் வந்து, வெடி கொளுத்தி, கத்திக் கூப்பாடு போட்டு ஒருவழியாக யானையைத் திருப்பினோம். திரும்பி வந்து பார்த்தால் ஓர் அறிவிப்பு: அசையாமல் இருந்ததால் வெளியேற்றிவிட்டீர்களாம். எக்ஸ்பியும் இல்லை, உள்ளே போகக் கொடுத்த சக்திப் புள்ளிகளும் இல்லை. அசையாமல் இருந்தேனாம்!

நான் கேட்பது ஒன்றுதான். நாளுக்கு ஒரு மணி நேரம் விளையாடுகிறவனுக்கும் கதை நகர வேண்டும்.

முடியாத காரியம் என்று சொல்லாதீர்கள். 2004இல் வந்த வேர்ல்ட் ஆஃப் வார்கிராஃப்ட் என்ற விளையாட்டில், நாம் விளையாடாத நேரத்தில் சத்திரத்தில் ஓய்வெடுத்துவிட்டுத் திரும்பும் பாத்திரத்துக்கு, அரக்கர்களைக் கொல்லும்போது இரட்டிப்பு எக்ஸ்பி கிடைத்தது. பிரேவ்லி டிஃபால்ட் விளையாட்டில் எதிரிகள் எத்தனை தடவை வரலாம் என்பதையே விளையாடுகிறவர் கூட்டலாம், குறைக்கலாம், அடியோடு நிறுத்தவும் செய்யலாம். 1986இன் டிராகன் குவெஸ்ட் விளையாட்டை 64 கிலோபைட்டுக்குள் அடக்க வேண்டியிருந்தது. சின்னக் கதையை நீட்ட, சிலைம் என்ற குட்டி அரக்கர்களை அடித்துக்கொண்டே இருக்க வைத்தார்கள் என்றால் புரிந்துகொள்ளலாம். உங்கள் அப்டேட்டை இறக்கவே என் டேட்டா கார்ட் முடிந்துபோனது. இவ்வளவு இடத்தை வைத்துக்கொண்டும் ஏன் அதே ஓநாய்?

மினக்கெட்டு லெவல் ஏறுவதில் இன்பம் காண்கிறவர்கள் இருக்கிறார்கள். எங்கள் ஊர்ப் பெடியள் பள்ளிக்கூட விடுமுறையில் விடிய விடிய அடிப்பார்கள். அவர்களுடைய தங்கக் கவசத்தையோ பட்டியலில் முதலிடத்தையோ பறிக்கச் சொல்லவில்லை. கதையை மட்டும் பூட்டி வைக்காதீர்கள்.

அப்புறம், உங்கள் தினப் பணிகள் கிரீனிச் நள்ளிரவில் மாறுகின்றன. இங்கே அப்போது காலை 5.30. குப்பியின் விலை டொலரில், அதுவும் கிரெடிட் கார்டு இருந்தால்தான். உலகம் முழுக்க விளையாடுகிறார்கள் என்று விளம்பரத்தில் பெருமைப்படுகிறீர்கள். அந்த உலகத்தில் வயல்காரர், இரவு வேலைக்காரர், கைக்குழந்தை வைத்திருக்கும் தாய் எவரும் இல்லைப் போலும். சரி, கோபத்தில் கொஞ்சம் கூடிவிட்டது, மன்னியுங்கள்.

தயவுசெய்து குகைக்குள் நிறுத்தி வைக்கும் பொத்தான் ஒன்று தாருங்கள். விளையாடாத நாட்களுக்கு ஓய்வு எக்ஸ்பி தாருங்கள். ஒரு மணி நேரக்காரனுக்கும் கதை நகரட்டும். குப்பிக்கு விலைக்கழிவு தருகிறோம் என்று மட்டும் பதில் எழுதிவிடாதீர்கள்.

இப்படிக்கு,
லெவல் 47இல் நிற்கும் ஒருவன்,
கிளிநொச்சி