வான்கதவு திறக்க முன்னம் பிள்ளைத்தாச்சிகளையும் கொஞ்சம் பாருங்கள்

ஆசிரியருக்கு வணக்கம்.

காலநிலை மாற்றம் பற்றி உங்கள் பத்திரிகையில் அடிக்கடி கட்டுரை வருகிறது, பனிப்பாறை, கடல்மட்டம், மாநாடு எல்லாம் வாசிக்கிறோம். சரி, வன்னியில் எட்டு மாத வயிற்றோடு தகரக் கூரைக்குக் கீழே வெந்துகொண்டிருக்கிற பிள்ளைத்தாச்சியைப் பற்றி யார் எழுதுவது?

சித்திரையில் வெயில் உச்சிக்கு வந்து, பிறகு கச்சான் காற்றும் பிடித்துவிட்டால் பகலில் வீட்டுக்குள்ளும் இருக்க முடியாது, வெளியிலும் முடியாது. வெக்கையில் உடம்பு நீர் வற்றினால் நச்சுக்கொடிக்குப் போகிற இரத்தமும் குறையும். 27 நாடுகளில் நடந்த 70 ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்து 2020இல் வெளியான கணக்கின்படி, வெப்பநிலை 1 பாகை செல்சியஸ் கூடினால் குறைமாதப் பிரசவ வாய்ப்பு சுமார் 5 சதவீதம் கூடுகிறது, வெப்ப அலை நாட்களில் 16 சதவீதம். அந்த 27 நாடுகளில் வறிய, நடுத்தர வருமான நாடுகள் வெறும் 7தான் என்பதையும் கவனியுங்கள். சூடு அதிகம் எங்களுக்கு, அளவெடுப்பு அங்கே.

பிறந்த பிள்ளைக்கு இந்த வெக்கையில் நா வறளும் என்று அம்மம்மாமார் கொதித்தாறின தண்ணீரைக் கரண்டியால் பருக்குவார்கள். ஆறு மாதம் வரைக்கும் தாய்ப்பாலே போதும், தண்ணீர் வேண்டியது தாய்க்கு, அவளோ கிணறு வற்றி தண்ணீர் பவுசர் எப்போது வரும் என்று பார்த்திருக்கிறாள்.

பிறகு மாரி. 2018 டிசம்பரில் இரணைமடுக் குளத்தின் வான்கதவுகள் திறந்தபோது கிளிநொச்சியும் முல்லைத்தீவும் கிடந்த கிடை தெரியும், 2025 நவம்பரில் டித்வா புயலும் வந்து போனது. பள்ளிக்கூடத்தில் இடைத்தங்கல் முகாம் போட்டால் சோறு வரும், பாய் வரும், அப்புறம் கமராவோடு ஆட்களும் வருவார்கள். பிள்ளை பெற்றுப் பத்து நாளான பெண் மறைவாக இருந்து பால் கொடுக்க ஒரு வகுப்பறையும், உள்ளே கொண்டி போடக்கூடிய ஒரு மலசலகூடமும் கேட்டால்தான் யாருக்கும் காது கேட்காது. நல்ல மனதோடு பால்மாப் பெட்டி அள்ளிக் கொடுக்கிறவர்களுக்கும் ஒன்று சொல்கிறேன், வெள்ளம் கலந்த கிணற்றுத் தண்ணீரில் கரைத்த மாப்பால் கைக்குழந்தைக்கு வயிற்றோட்டத்தைத்தான் கொடுக்கும்.

நான் கேட்பது பெரிய விசயமில்லை. யாருக்கு எப்போது பிரசவத் திகதி என்பது குடும்பநல உத்தியோகத்தரின் கொப்பியில் இருக்கிறது. மழைக்கு முன் பிரதேச செயலகத்தில் கூடுகிற அனர்த்த முகாமைத்துவக் கூட்டத்தில் அந்தக் கொப்பியும் மேசைக்கு வரட்டும். குளத்துக்குக் கீழேயும் ஆற்றுக்கு அங்காலும் இருக்கிறவர்களில் திகதி கிட்டினவர்களை வான் பாய முதலே ஆஸ்பத்திரிக்குக் கிட்டக் கொண்டுவந்துவிடலாம், தண்ணீர் றோட்டை மூடின பிறகு 1990 அம்புலன்சுக்கு அடித்து என்ன பயன்? வெயில் மாதங்களில் கிளினிக்கையும் காலை ஏழரைக்கே தொடங்கினால் பத்து மணி வெயிலில் வரிசையில் நிற்கத் தேவையில்லை.

நாடுகளின் காலநிலைத் திட்டங்களில் தாய் சேய் நலம் அநேகமாகக் காணவே இல்லை என்று 2023 நவம்பரில் உலக சுகாதார நிறுவனமும் யுனிசெப்பும் ஐ.நா. சனத்தொகை நிதியமும் சேர்ந்து சொன்னார்கள். 2022இல் எகிப்தில் நடந்த காலநிலை மாநாட்டில் வறிய நாடுகளின் காலநிலைச் சேதங்களுக்கென்று இழப்பு நிதியம் ஒன்றுக்கும் ஒப்புக்கொண்டார்கள். அந்தக் காசு வரும்போது வரட்டும். கொப்பியை எடுத்துப் பார்க்க அது தேவையில்லை, வருகிற மாரிக்கு முன் நடக்கிற முதல் கூட்டத்திலேயே செய்யலாம்.

ஒரு வாசகி,
ஒட்டுசுட்டான்