வரப்பில் நடக்கிற மகளுக்கு

புதுக்கோட்டை

அன்புள்ள பாப்பாவுக்கு,

அப்பா எழுதுவது. இங்கே எல்லோரும் நலம். வாட்ஸ்அப்பில் அனுப்ப வேண்டியதுதானே என்று உன் தம்பி கேலி செய்கிறான். அதில் வந்தால் பாதி படித்துவிட்டுக் கட்டைவிரல் படம் போட்டுவிடுவாய். காகிதம் என்றால் மடித்தாவது வைப்பாய்.

நன்னிலம் பக்கம் வயல் பார்க்கப் போனபோது வரப்பில் பாம்பு குறுக்கிட்டது, கூட வந்தவர்கள் மண்வெட்டியால் அடித்துவிட்டார்கள் என்றாயே, அந்த போட்டோவைப் பெரிதாக்கிப் பார்த்தேன். சாரை அது. பெரிய கண்ணும் உதட்டோரம் கறுப்புக் கோடுகளும் தெளிவாகத் தெரிகின்றன. ஒரு பொட்டு விஷம் கிடையாது. அந்த வயல்காரர் சம்பா கதிர் வரும்போது எலிக்கிட்டி வைக்க ஆள் தேடி அலைவார், அப்போது இந்தச் சாரை ஞாபகம் வராது அவருக்கு. நீ அடிக்கச் சொல்லியிருக்க மாட்டாய் என்று தெரியும். ஆனால் இப்போது நீ வேளாண்துறை ஆள், நீ சொன்னால் நாலு பேர் கேட்பார்கள். அடுத்த தடவை, "நில்லுங்க, அது பாட்டுக்குப் போகட்டும்" என்று சொல். 1972 வனவிலங்குச் சட்டப்படி அடிப்பது குற்றம் என்பதையும் சேர்த்துச் சொல். அடிக்கப் போகிறவன்தான் கடி வாங்குவான்.

நீ பயப்பட வேண்டியது கண்ணாடி விரியனுக்கு. நம்ம பக்கத்துக் கல்லாங்காட்டில் சுருட்டை விரியனைப் பார்த்திருக்கிறாய், சாண் முழம் நீளத்தில் செதிலை உரசி ரம்பம் அறுக்கிற மாதிரி சத்தம் போடும். கண்ணாடி விரியன் அப்படிச் சின்ன உருப்படி இல்லை. தடித்த உடம்பு, முதுகில் சங்கிலி கோத்த மாதிரி கரும்பழுப்பு வட்டங்கள். அதன் குணமே வேறு. நல்லபாம்பு படமெடுத்தாவது எச்சரிக்கும், வழி கிடைத்தால் ஓடிவிடும். இது சருகிலும் வைக்கோலிலும் நிறத்தோடு நிறமாகச் சுருண்டு படுத்தே கிடக்கும். நாம்தான் கொண்டுபோய்க் காலை வைப்போம். சீறினால் குக்கர் விசில் மாதிரிப் பெரிதாகக் கேட்கும், கேட்டதும் அசையாமல் நின்று எங்கே என்று பார்த்துவிட்டுப் பின்னால் வா. எட்டிக் குதிக்காதே.

வெட்டியெலி வளை இருக்கிற வரப்பெல்லாம் அதற்கு வீடு. ஐப்பசி மழையில் வளைக்குள் தண்ணீர் ஏறிவிட்டால் மேட்டுக்கு வந்துதானே ஆக வேண்டும்? வரப்பு, ரோட்டோரம், களத்து வைக்கோல் போர் என்று ஏறிக்கொள்ளும். அதனால் கையில் ஒரு கம்பு வைத்துக்கொண்டு தரையைத் தட்டிக்கொண்டே நட, அதிர்வு தெரிந்தால் பெரும்பாலான பாம்பு விலகிவிடும். விரியனை நம்பாதே, அதற்குக் கண்ணைத்தான் நம்ப வேண்டும். புல் மூடிய இடத்தில் கையை விடாதே. பொழுது சாய்ந்தால் டார்ச் இல்லாமல் பத்தடி கூடப் போகாதே. "பூச்சி பொட்டு கிடக்கும்டி" என்று உன் அப்பாயி கத்துவாளே, அந்தப் பயம் நியாயமானது. செருப்புப் போட்டுக்கொண்டு வயலில் நடக்கிற வழக்கம் உன் வேலைக்கு ஆகாது, ரப்பர் பூட்ஸ் வாங்கு. விவசாயிகள் சிரித்தால் சிரிக்கட்டும்.

எவ்வளவு ஜாக்கிரதையாக இருந்தாலும் ஒருநாள் யாருக்காவது கடி படலாம். அதற்காகத்தான் இந்தக் கடிதம். லேபில் இத்தனை வருஷம் இருந்தவன் பார்த்ததைச் சொல்கிறேன். பாம்புக்கடி என்று ஆள் வந்ததும் இரண்டு மில்லி ரத்தம் எடுத்துப் புதுக் கண்ணாடி டியூப்பில் விட்டு, ஆட்டாமல் அசைக்காமல் மேசையில் வைப்போம். சோப்புப் போட்டுக் கழுவிய டியூப் கூடாது, நல்ல ரத்தமே அதில் உறையாமல் ஏமாற்றும். 20 நிமிஷம் கழித்து ஒரே ஒரு தடவை சாய்த்துப் பார்க்க வேண்டும். நல்ல ரத்தம் என்றால் கட்டியாக அப்படியே நிற்கும். கண்ணாடி விரியன் விஷம் ஏறிய ரத்தம் தண்ணீராக ஓடும். ராத்திரி டூட்டியில் அந்த டியூப்பைச் சாய்க்கும்போது, வெளியே பெஞ்சில் உட்கார்ந்திருக்கிற வீட்டுக்காரர்கள் முகத்தைப் பார்க்க முடியாது பாப்பா. எத்தனையோ பேர் சாயங்காலம் கடிபட்டு, மந்திரித்து, பச்சிலை கட்டி, விடிந்த பிறகு வந்து இறங்குவார்கள். அதற்குள் சிறுநீரகம் போயிருக்கும். மந்திரித்துப் பிழைத்தவர்கள் இல்லையா என்று கேட்பாய். உண்டு. பாதிப் பேரைக் கடித்தது தண்ணிப்பாம்பாக இருக்கும், அல்லது விஷப்பாம்பே விஷத்தை இறக்காமல் பல்லை மட்டும் பதித்திருக்கும். அந்தப் பெயரெல்லாம் மந்திரித்தவருக்குப் போய்விடும்.

ஆகவே கயிறு கட்டாதே, கீறாதே, வாயால் உறிஞ்ச விடாதே. வளையல், மோதிரம், கொலுசு எதுவாக இருந்தாலும் வீங்குவதற்கு முன் கழற்று. கடிபட்ட காலை மட்டை வைத்து அசையாமல் கட்டு, நடக்கவிடாதே, 108-ஐக் கூப்பிடு. பாம்பைத் தேடிப் பிடித்துப் பையில் போட்டுக் கொண்டுவர வேண்டாம், அதற்குப் போகிற பத்து நிமிஷம்தான் நஷ்டம். நல்லபாம்பு, கட்டுவிரியன், கண்ணாடி விரியன், சுருட்டை நான்குக்கும் மருந்து ஒன்றேதான்.

அந்த மருந்தின் கதை தெரியுமோ? மாமல்லபுரத்துக்குப் பக்கத்தில் வடநெம்மேலியில் இருளர்கள் 1978-ல் ஆரம்பித்த கூட்டுறவுச் சங்கம் இருக்கிறது. பாம்பைப் பிடித்து, விஷத்தை எடுத்துக்கொண்டு, காட்டிலேயே திரும்ப விட்டுவிடுவார்கள். அந்த விஷத்தைக் கொஞ்சம் கொஞ்சமாகக் குதிரைக்கு ஏற்றி, அதன் ரத்தத்திலிருந்துதான் மருந்து. 2023-ல் வடிவேல் கோபால், மாசி சடையன் என்ற இரண்டு இருளர்களுக்குப் பத்மஸ்ரீ கொடுத்தார்கள். எனக்கு அன்றைக்கு சொந்தத்தில் யாருக்கோ கிடைத்த மாதிரி இருந்தது.

இன்னொன்று, நீ தங்கியிருக்கிற வீடு. தரையில் பாய் விரித்துப் படுக்கிறாயாம், அம்மா சொன்னாள். கட்டுவிரியன் ராத்திரி வீட்டுக்குள் வருகிற பாம்பு. கடித்தால் வலிக்காது, வீங்காது, தூங்குகிறவருக்குத் தெரியவே தெரியாது. விடிகாலையில் வயிற்றுவலி என்று எழுந்து, இமை தூக்க முடியாமல் செருகி, மூச்சு நிற்கிற கட்டத்தில்தான் வீட்டார் விழிப்பார்கள். கட்டில் வாங்கு. வாங்கும்வரை கொசுவலையை நாலு பக்கமும் பாய்க்கு அடியில் செருகிக்கொள். சுவரோரம் விறகும் செங்கல்லும் கிடந்தால் வீட்டுக்காரரிடம் சொல்லி எடுக்கச் சொல், கூச்சப்படாதே.

2024 நவம்பரில் நம்ம அரசாங்கம் பாம்புக்கடியைக் கட்டாயம் தெரிவிக்க வேண்டிய நோய்களின் பட்டியலில் சேர்த்தது. நல்ல காரியம், கணக்கு இருந்தால்தான் மருந்து வந்து சேரும். ஆனாலும் உன் வட்டாரத்து ஆரம்ப சுகாதார நிலையத்தில் விஷமுறிவு மருந்து எத்தனை பாட்டில் இருக்கிறது என்று நீயே நேரில் போய்க் கேள். எடுத்த எடுப்பில் எட்டுப் பத்து பாட்டில் தேவைப்படும். ராத்திரியில் டாக்டர் உண்டா, வெண்டிலேட்டர் இருக்கிற பக்கத்து ஆஸ்பத்திரி எது, எவ்வளவு தூரம் என்பதையும் விசாரி. கேட்டு ஞாயிற்றுக்கிழமைக்குள் எனக்கு போன் பண்ணு. பூட்ஸுக்கு ஆறாம் நம்பரா ஏழா என்று அம்மா கேட்கிறாள், அதையும் சேர்த்துச் சொல்லிவிடு.

அன்புடன்,
அப்பா